ஓசியில் ஓடும் கம்பெனியின் ஒப்புதல் பிரிவுக்கு

அனுப்புநர்: வலைத்தள உருவாக்கக் குழு, நான்காம் தளம், ஜன்னல் இல்லாத பக்கம்.

பெறுநர்: நிதி மற்றும் ஒப்புதல் பிரிவு, ஏழாம் தளம், கடல் தெரியும் பக்கம்.

பொருள்: பெங்களூரில் நடக்கும் இந்தியாஃபாஸ் திறந்த மூல மென்பொருள் மாநாட்டில் கலந்துகொள்ள அனுமதி கோரியது – தாங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு விளக்கம் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய பிரிவினருக்கு,

எங்கள் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பி, கூடவே ஒரு கேள்விப் பட்டியலையும் இணைத்திருந்தீர்கள். குழுவாக உட்கார்ந்து படித்தோம். ஒருவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எந்த வகைத் தண்ணீர் என்று இந்தக் கடிதத்தில் சொல்வதற்கில்லை.

‘மாநாட்டை நடத்தும் விற்பனையாளர் யார்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். விற்பனையாளர் என்று யாரும் இல்லை. ஃபாஸ் யுனைடெட் என்கிற லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துகிறது. மென்பொருள் எழுதுகிறவர்கள் வந்து, எழுதியதைக் காட்டி, எங்கே சொதப்பியது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். விற்பதற்கு ஒன்றுமில்லாத இடத்துக்கு ஏன் போக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்புதான். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகராது என்பதால் ‘பொதுமக்கள்’ என்று நிரப்பினோம். மறுநாளே பொதுமக்களின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்டு உங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

2024-இல் இந்த மாநாடு நிம்ஹான்ஸ் மாநாட்டு மையத்தில் நடந்தது என்று குறிப்பிட்டிருந்தோம். அந்த மனநல மருத்துவமனையின் பெயரைப் பார்த்ததும் மருத்துவக் காப்பீட்டுப் பிரிவுக்கு ஒரு நகல் போயிருக்கிறது. அக்கறைக்கு நன்றி. அது கூட்டம் நடத்துகிற அரங்கம். எங்களுக்கு ஒன்றுமில்லை, இதுவரை.

அடுத்து, பட்டியலில் தடித்த எழுத்தில் இருந்த கேள்வி: ‘இதனால் நிறுவனத்துக்கு என்ன லாபம்?’

நாம் கட்டிக்கொடுக்கும் வலைத்தளங்கள் லினக்ஸில் ஓடுகின்றன. 1991-இல் ஒரு பின்லாந்து மாணவர் தொடங்கியது. வாசலில் நின்று வருகிறவர்களை உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ், இகோர் சிசோயேவ் என்ற ரஷ்யர் எழுதி 2004-இல் வெளியிட்டது. வாடிக்கையாளரின் கணக்கு வழக்கெல்லாம் போஸ்ட்கிரஸில் இருக்கிறது. அதன் வேர் 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில். திரையில் அசைவதெல்லாம் ரியாக்ட். நிரலைக் காப்பாற்றி வைப்பது கிட். முகவரிப் பட்டையில் தெரியும் அந்தப் பூட்டுக்கான சான்றிதழைக்கூட லெட்ஸ் என்கிரிப்ட் காசு வாங்காமல் தருகிறது. இத்தனைக்கும் சேர்த்து நம் நிறுவனம் கட்டிய உரிமத் தொகை பூஜ்ஜியம். வாடிக்கையாளருக்குப் போகும் விலைப்புள்ளியில் மட்டும் இது ‘எங்கள் பிரத்யேகத் தொழில்நுட்ப அடித்தளம்’ என்ற பெயரில் ஒரு தனி வரியாக, நல்ல தொகையோடு உட்கார்ந்திருக்கிறது. ஊர்க் கிணற்றில் இறைத்துக் கேனில் அடைத்து விற்கிறோம். தூர் வார ஒரு நாள் வாருங்கள் என்று கூப்பிட்டால், அதில் நமக்கென்ன லாபம் என்று கேட்கிறோம்.

கோபிக்க வேண்டாம். இப்படிக் கேட்பதில் நாம் தனியாக இல்லை. கர்ல் என்ற கருவியைப் பல வருடங்களாகக் கட்டிக்காத்து வருபவர் ஸ்வீடனில் இருக்கும் டேனியல் ஸ்டென்பெர்க். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற நிரலில் இருந்த பாதுகாப்பு ஓட்டை வெளியாகி உலகமே அலறியதல்லவா, அடுத்த மாதம் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் அவருக்கு எழுதியது: உங்கள் பொருள் பாதிக்கப்பட்டதா, 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டும். கர்ல் அந்த நிரலைத் தொட்டதே இல்லை. அந்த நிறுவனம் அவருக்கு ஒரு பைசா கொடுத்ததும் இல்லை. ஆதரவு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன் என்றார் மனிதர். மறுபடி எழுதினார்கள், டேவிட் என்று பெயரை மாற்றி. உங்கள் கேள்விப் பட்டியலைத் தயாரித்தவருக்கு அங்கே வேலை நிச்சயம்.

ஆபத்து மேலாண்மைக் குழுவும் இதைப் படிக்கும் என்பதால் இன்னொன்று. எக்ஸ்இசட் என்று ஒரு சுருக்கும் கருவி. லினக்ஸ் இருக்கும் இடமெல்லாம் சத்தமில்லாமல் அதுவும் இருக்கும். அதை ஏறக்குறைய ஒற்றை ஆளாக ஒருவர், ஓய்வு நேரத்தில், சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். களைத்துப் போனார். ‘ஏன் இவ்வளவு மெதுவாக வேலை நடக்கிறது?’ என்று சிலர் நச்சரித்தார்கள். அந்தச் சமயத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் உள்ளே ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார். 2024 மார்ச்சில் அதைப் பிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். எப்படி என்றால், சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. தோண்டிக்கொண்டே போனார். நம் அலுவலகத்தில் அரை நொடித் தாமதம் என்று டிக்கெட் போட்டால் ‘லோ பிரயாரிட்டி’ என்று மூடிவிடுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இப்படிப்பட்ட மாநாடுகளில் நடைபாதையில் நின்று டீ குடித்துக்கொண்டே பேசிக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான். எந்த மென்பொருளை யார் பார்த்துக்கொள்கிறார்கள், அவருக்குத் துணைக்கு ஆள் உண்டா, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார். இதைத் தெரிந்துகொள்ள ‘ஆபத்து மதிப்பீட்டு ஆலோசகர்’ ஒருவருக்கு நீங்கள் போன வருடம் கொடுத்த தொகையில் எங்கள் குழு முழுவதும் விமானத்தில் போய் வரலாம். நாங்கள் கேட்டது ரயில்.

இனி எங்கள் உரையைப் பற்றி. குழுவில் ஒருவர் பேசத் தேர்வாகியிருக்கிறார். தமிழ்த் தலைப்புகளை வலைப்பக்கத்தில் சுருக்கிக் காட்டும்போது எழுத்து பாதியில் வெட்டுப்படுவதைச் சரிசெய்வது பற்றிய உரை. ‘நிதி’ என்பதில் நமக்கு எழுத்து இரண்டு. ஜாவாஸ்கிரிப்ட் நான்கு என்று எண்ணும். மூன்றோடு நிறுத்தச் சொன்னால் ‘நித’ என்று அம்போவென நிற்கும். நிதியைப் பாதியில் வெட்டுவது பற்றி உங்கள் பிரிவுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

இதற்கான திருத்தத்தை, நாம் பயன்படுத்தும் ஒரு திறந்த மூல நூலகத்தில் எங்கள் ஆள் எழுதியே முடித்துவிட்டார். அதை மூல ஆசிரியர்களுக்கு அனுப்ப அனுமதி கேட்டோம். ‘அது நிறுவனத்தின் அறிவுசார் சொத்து’ என்று சட்டப் பிரிவு நிறுத்தி வைத்திருக்கிறது. சில வரிச் சொத்து. அனுப்பியிருந்தால் அது அங்கேயே சேர்ந்து, அடுத்தடுத்த வெளியீடுகளில் தானாக நம்மிடம் வந்திருக்கும். இப்போது அந்த நூலகம் புதிய பதிப்பு வெளியிடும்போதெல்லாம் ஒருவர் உட்கார்ந்து, நம் சொத்தைக் கையால் மறுபடி ஒட்டி, உடைந்ததைச் சரிபார்த்து, பிறகு வீட்டுக்குப் போகிறார். அவருடைய சம்பளத்தை எந்தத் தலைப்பில் எழுதுகிறீர்கள் என்று அறிய ஆவல்.

அதே சட்டப் பிரிவு, உரையின் ஸ்லைடுகள் நிறுவனத்தின் அதிகாரபூர்வ வடிவமைப்பில்தான் இருக்க வேண்டும் என்கிறது. அந்த வடிவமைப்பில் ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் சிவப்பில் ஒரு வரி அச்சாகும்: ‘ரகசியம் – உள் பயன்பாட்டுக்கு மட்டும்’. அதை எடுக்க முடியாதாம். திறந்த மூல மாநாட்டின் மேடையில், அரங்கு நிறைந்த கூட்டத்துக்கு முன்னால், ரகசியம் என்று எழுதிய திரையைக் காட்டி எங்கள் ஆள் பேசப்போகிறார். கைதட்டு நிச்சயம். விளம்பரப் பிரிவுக்கோ வேறு கவலை: நம் சின்னம் மேடையில் தெரியுமா? தெரியும், நன்கொடை கொடுத்தால். அதற்கு இன்னும் பதில் இல்லை. ஆனால் ஆள் எடுக்கும் பக்கத்தில் ‘திறந்த மூலத்தை நேசிக்கிறோம்’ என்று இதயம் போட்டு எழுதியிருப்பது அப்படியே இருக்கிறது. ஒருதலைக் காதல்.

மாநாடு சனி, ஞாயிறு. ‘இரண்டு நாள் உற்பத்தி இழப்பு’ என்று கணக்கிட்டவர் நாட்காட்டியை ஒருமுறை பார்க்கலாம். பயண விண்ணப்பத்தில் ‘காரணம்’ என்ற இடத்தில் வாடிக்கையாளர் சந்திப்பு, பயிற்சி, நெருங்கிய உறவினர் மரணம் என்ற மூன்று மட்டுமே வருகின்றன. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் உடனே ஒப்புதல் கிடைக்கும் என்று ஐ.டி. உதவி மையத்தில் யோசனை சொன்னார்கள். எங்களுக்கு மனம் வரவில்லை. பயிற்சி என்றே போட்டிருக்கிறோம்.

பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் திறந்த மூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தருவதாக 2024-இல் அறிவித்தது. அந்த அளவுக்கு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டோம். எங்களுக்கு வேண்டியது ரயில் கட்டணம், இரண்டு இரவுத் தங்கல், அந்தச் சில வரித் திருத்தத்தை அனுப்ப சட்டப் பிரிவின் ஒரு கையெழுத்து. மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் கையெழுத்தைக் கொடுங்கள். டிக்கெட்டை நாங்களே போட்டுக்கொள்கிறோம். லால்பாக் எக்ஸ்பிரஸில் இடம் தீர்ந்துகொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் தரவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வலைத்தள உருவாக்கக் குழு