நாவப்பழம்னே வச்சுக்குவோம்

ஏலே பேராண்டி, சட்டையை முதுகுக்குப் பின்னாடி ஒளிக்காத, பாத்துட்டேன். நெஞ்சுப் பைக்குக் கீழ உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்செவப்பாக் கெடக்கு. கேட்டா நாவப்பழம்ங்கிற. மாசி மாசத்துல! நம்மூரு மரம் ஆனி, ஆடியிலதான் பழுக்கும். பெங்களூருல ஆபீஸ் பார்ட்டிக்குன்னு தனியாப் பழுத்துச்சோ என்னமோ.

சரி, நாவப்பழம்னே வச்சுக்குவோம். அதுலயும் பாதி நெசம் இருக்கத்தான் செய்யுது. நாவப்பழத் தோலுக்கும் கருந்திராட்சைத் தோலுக்கும் நெறம் குடுக்கிறது ஒரே வகைச் சரக்கு. ஆந்தோசயனின்னு பேரு. எனக்கு எப்படித் தெரியும்னு மட்டும் கேக்காத.

சிந்தின ஒடனே காஞ்ச துணியை வச்சு ஒத்தி ஒத்தி எடுத்துட்டு, கைப்பிடி உப்பை மேல போட்டிருந்தா முக்காவாசிய அதுவே உறிஞ்சிருக்கும். நீ நின்ன நெலையில உப்பு எது, சீனி எதுன்னு தெரிஞ்சிருக்குமோ என்னமோ! தேய்க்கத்தான் தெரிஞ்சிருக்கு. தேய்க்கத் தேய்க்க நூலுக்குள்ள எறங்கி உக்காந்துக்கிடும்.

காலையில பார் சோப்பைப் போட்டதும் செவப்பு நீலமா மாறி, வெலவெலத்துப் போயிருப்பியே? சோப்புக் காரத்துக்கு அந்தச் சாயம் அப்படித்தான் வேஷம் போடும். எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சா மறுபடி செவக்கும். ரெண்டு வேஷத்துலயும் ஆளு உள்ளேயேதான் இருக்கான்.

மருந்துக்கடைக்குப் போயி, புண்ணு கழுவுற ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கிட்டு வா. கேக்கும்போது மொகத்தை அப்படி வச்சுக்காத, அது ஒண்ணும் தப்பான சாமானில்ல. சீசாவுல 6 சதவீதம்னு போட்டிருந்தா, சரிக்குச் சரி தண்ணி கலந்தா 3 சதவீதம் ஆயிரும். அதோட பாத்திரம் கழுவுற திரவ சோப்பைப் பாதிக்குப் பாதி கலந்துக்க. மொதல்ல மடிப்போட உள்பக்கம் ஒரு சொட்டு வச்சுப் பாரு. கலர்ச் சட்டைன்னா வெளுத்துரும். ஒண்ணும் ஆகலைன்னா கறை மேல ஊத்தி அரைமணி நேரம் விட்டு அலசு. மிச்சமிருந்தா இன்னொருக்கா. அவசரப்பட்டு பிளீச்சிங் பவுடரையும் இதோட கலந்துறாத, வெனையாப் போயிரும். பட்டுலயோ கம்பளியிலயோ பட்டிருந்தா இந்த வித்தையெல்லாம் வேண்டாம், டிரைகிளீனிங் கடைக்காரன்கிட்ட உள்ளதைச் சொல்லிக் குடுத்துரு. அவன் உங்க ஆச்சிகிட்டச் சொல்ல மாட்டான்.

கறை போறதுக்கு முன்னால அயர்ன் பண்ணாத. சூடு பட்டா ஒட்டிக்கிடும், அப்புறம் அது சட்டையோட பிறந்த மச்சந்தான்.

வெள்ளை ஒயினை மேல ஊத்தினா போயிரும்னு எவனோ சொன்னானாமே? அதுல பெரும்பங்கு தண்ணிதான். அந்த வேலைய நம்ம கொழாத் தண்ணியே காசில்லாமச் செய்யும். ஆனா ஒண்ணுய்யா, வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிஞ்சு தோலை ஒதுக்கிட்டுத்தான் புளிக்க வைப்பானாம். சாயமே எறங்காதாம். அடுத்த பார்ட்டியில அதைக் கேட்டு வாங்கு. சிந்தினா எளநின்னு சொல்லிக்கிடலாம், அது எந்த மாசத்துலயும் கெடைக்கும்.