செத்த காலேஜுக்குக் கூட்டம் சேர்க்கும் வழி

அருங்காட்சியகத்துக்குக் கூட்டம் வராதது புதுக் குறை அல்ல. சென்னையில் அதற்கு மருந்தும் பழசுதான். 1851இல் தொடங்கிய, இன்று எழும்பூரில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர். கல்லும் எலும்பும் அடுக்கியிருந்த இடத்தில், ஜனங்கள் திரண்டதென்னவோ வளாகத்தில் இருந்த உயிருள்ள சிறுத்தையையும் புலிக்குட்டியையும் பார்க்க. மனிதர் விவரமானவர். ஆர்க்காட்டு நவாபிடம் பேசி அவர் வளர்த்த விலங்குகளையும் வாங்கிப்போட்டார். 1855இல் அங்கேயே மிருகக்காட்சிசாலை உருவாயிற்று. சில ஆண்டுகளில் விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிபோயின. அந்தப் பூங்காவை ‘உயிர் காலேஜ்’ என்றும், எழும்பூரில் மிஞ்சியதைச் ‘செத்த காலேஜ்’ என்றும் ஊர் தரம் பிரித்தது. இதைவிடச் சிக்கனமான பார்வையாளர் கருத்துக்கணிப்பை எந்த ஆலோசனை நிறுவனமும் தந்துவிட முடியாது.

கூட்டம் வராததற்குத் தூரத்தின் மேல் பழி போட வழியில்லை. வடசென்னைக் கோடியில் இருக்கும் எர்ணாவூர்க்காரர்கூட 2021 முதல் விம்கோ நகரில் மெட்ரோ ஏறலாம்; சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர். வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடக் கூடாது, அன்று விடுமுறை. காணும் பொங்கலன்று போனால் உள்ளே நடக்க வேண்டியதே இல்லை, கூட்டமே தள்ளிக்கொண்டு போகும்.

மற்ற நாளில் அங்குள்ள திருவாலங்காட்டு நடராசர் படிமத்தின் முன்னால் தாராளமாக நிற்கலாம். இத்தகைய படிமங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிமுகம் பெயர், ஊர், நூற்றாண்டு. சாதிச் சான்றிதழில்கூட இதைவிட அதிக விவரம் இருக்கும். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றிய கதை வெளியே வருவதில்லை. எண்ணூர்ப் பக்கம் ஃபவுண்டரியில் காலம் கழித்த ஒருவர் அதைக் கேட்டால், ஊற்றுவாய் எங்கே வைத்தார்கள், காற்று எப்படி வெளியேறியது என்று அரை மணி நேரம் நகரமாட்டார். அவருக்கென்று அங்கே எழுதி வைத்திருப்பது: ‘தொடாதீர்.’