டைரக்ட் பண்ணிடலாம் சார்!

எஞ்சின் அன்றைக்கே ஆறிவிட்டது. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரம் போகிற வழி. புவனகிரி கடைத்தெருவில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது டேஷ்போர்டில் கூலண்ட் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓரம்கட்டி போனட்டைத் தூக்கினேன். போனட் திறந்து நிற்கும் காரை யோசனை சொல்லாமல் கடந்துபோவது நம் பக்கத்தில் மரியாதைக் குறைவு. "தண்ணி ஊத்துங்க" என்றார் டீக்கடைக்காரர். "ஊத்தாதீங்க, ஹெட்டு போயிடும்" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்தவர். "ஹீட்டரைப் போட்டுக்கிட்டு ஓட்டுங்க தம்பி" என்றார் ஒரு பெரியவர். பெரியவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஹீட்டர் எஞ்சினின் சூட்டைத்தான் உறிஞ்சி நம் மேல் ஊதுகிறது. கத்திரி வெயிலில் அப்படி ஓட்டினால் எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். ஓட்டுகிறவனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ராகவேந்திரர் அவதரித்த ஊராயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இப்படி ஆளுக்கொன்று சொல்வதால், விளக்கு எரிந்தால் பார்க்க வேண்டிய நான்கையும் நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கத்தரித்துக் காரில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கூலண்ட் அளவு. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பக்கத்து டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூலண்டில் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலப்பது வழக்கம். என் டப்பாவில் இருந்தது செம்மண் நிறத்தில் ஒரு குழம்பு. மூடியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். கடலோரத்து போர் தண்ணீர், கேட்க வேண்டுமா? பக்கத்திலிருக்கும் வீராணத்துத் தண்ணீர் 2004-லிருந்து குழாய் வழியே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குப் போகிறது. இங்கேயே கிடக்கும் என் ரேடியேட்டருக்கு வாய்த்தது இது.

இரண்டாவது, ரேடியேட்டர் மூடி. சும்மா மூடிதானே என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி ஒரு பார் அழுத்தத்தை உள்ளே பிடித்துவைத்தால் 120 வரை தாங்கும். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் விறைத்துப்போனால் அழுத்தம் நிற்காது, கொதித்துப் பொங்கிவிடும். சூட்டோடு திறந்தால் அந்தப் பொங்கல் நம் முகத்துக்கு. மெக்கானிக் ஷெட்டில் என் மூடியின் ரப்பரை நகத்தால் அழுத்திக் காட்டினேன். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. "நல்லாத்தானே சார் இருக்கு" என்றார் மெக்கானிக்.

மூன்றாவது, ஃபேன். கார் ஓடும்போது எதிர்க்காற்றே போதும். கடைத்தெருவில் ஊரும்போதுதான் ஃபேன் தேவை. சூடு ஏறியதும் சென்சார் சொல்ல வேண்டும், ரிலே கேட்க வேண்டும், ஃபேன் சுற்ற வேண்டும். என்னுடையது சுற்றவில்லை. சென்சாரா, ரிலேயா, ஃபியூஸா, மோட்டாரா என்று பார்க்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் எதையும் பார்க்கவில்லை. "டைரக்ட் பண்ணிடலாம் சார்" என்றார். பேட்டரியிலிருந்து ஒரு வயர், ஸ்டியரிங்குக்குக் கீழே வீட்டில் போடுகிற மாதிரி ஒரு வெள்ளை சுவிட்ச். போட்டால் சுற்றும், அணைத்தால் நிற்கும். அணைக்க மறந்தால் காலையில் நாலு பேர் காரைத் தள்ள வேண்டும்.

நாம் எதைத்தான் டைரக்ட் பண்ணாமல் விட்டோம்? ஃப்ரிட்ஜில் தெர்மோஸ்டாட் போனால் டைரக்ட். மறுநாள் தோசை மாவைச் சுத்தியலால் உடைக்கலாம். அயர்ன் பாக்ஸ் டைரக்ட். முழுக்கைச் சட்டை அரைக்கையாகும். மாடித் தொட்டி சென்சார் டைரக்ட். நடுராத்திரியில் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து நம் பரம்பரையை விசாரிப்பார். வயக்காட்டு மோட்டாரில், ஒரு ஃபேஸ் போனால் நிறுத்துவதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது. அது அடிக்கடி நிறுத்துகிறதே என்று அதையும் டைரக்ட் பண்ணுவார்கள். காயில் கருகும். கருகியதும், தலையில் துண்டோடு ரீவைண்டிங் கடையில் காத்திருக்கும்போது, அந்தப் பெட்டி தயாரித்தவனைத்தான் திட்டுவார்கள். ஃபியூஸ் போனால் வயரிலிருந்து நாலு கம்பியைப் பிரித்து முறுக்கிச் சொருகிவிடுவோம். இனி ஃபியூஸ் போகாது, வீடுதான் போகும். பைக்கில் ஸ்டாண்டு எடுக்காவிட்டால் வண்டி கிளம்பாதா? அதுவும் டைரக்ட். சீட் பெல்ட் போடாவிட்டால் கார் கத்துகிறதா? பெல்ட் போட மாட்டோம். ஓட்டையில் சொருகக் கொக்கி மட்டும் தனியாக வாங்குவோம். அதை விற்கக் கூடாது என்று 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே இணையக் கடைகளுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. உயிரைக் காப்பாற்ற ஒருவன் கத்துகிறான். அவன் வாயை அடைக்கக் காசு கொடுத்து அடைப்பான் வாங்குகிறோம். நீங்கள் வாங்கவில்லையா? சரி, உங்கள் மச்சான் வாங்கியிருப்பார்.

நான்காவதற்கு வருகிறேன். அது தெர்மோஸ்டாட். "அது எதுக்கு சார் நம்ம ஊர் வெயிலுக்கு, கழட்டிப் போட்டுடலாம்" என்றார் மெக்கானிக். எஞ்சின் குளிர்ந்தே கிடந்தாலும் கேடுதான், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் போனில் பேச ஆரம்பித்தார். டைரக்டும் வேண்டாம், கழட்டவும் வேண்டாம், பழுதைப் பார்த்துச் சரிசெய்தால் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது போனட் மூடியிருந்தது. "சரி பண்ணிட்டேன் சார், லைட் இனிமே வராது." ஐந்நூறு ரூபாய்.

சொன்ன மாதிரியே வரவில்லை. வீட்டுக்கு வந்து சாவியைத் திருப்பிப் பார்த்தேன். எஞ்சின் கிளம்புவதற்கு முன் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். ஆயில் எரிந்தது, பேட்டரி எரிந்தது, பிரேக் எரிந்தது. கூலண்ட் விளக்கு மட்டும் எரியவில்லை. வயரைப் பிடுங்கிவிட்டார்.

போன் போட்டுக் கேட்டேன். "அதான் எரியலையே சார், அப்புறம் என்ன?" என்றார்.