மஞ்சள், ஆரஞ்சு, கொப்பரை

அம்மிணி, உனக்கு வேலை கிடைச்ச சேதியை உங்கமுச்சி கொழிஞ்சாம்பாறைச் சந்தை வரைக்கும் பரப்பிட்டா. பருவநிலைச் செய்தி ஆசிரியர்னு சொல்ல வாயிலே வரலை போல. "பேத்திக்கு ரேடியோவிலே மழைப் பொறுப்பு"ன்னு சுருக்கிட்டா. போன வாரம் ஏன் மழை பெய்யலைன்னு ரெண்டு பேரு என்கிட்ட வந்து கணக்குக் கேட்டாங்க. மழையை வரவழைக்கற வேலை இல்லீங்க, வர்றதைச் சொல்ற வேலைன்னு விளக்கினேன். "அதுக்கெதுக்குச் சம்பளம்? நனைஞ்சாத் தெரிஞ்சுட்டுப் போகுது"ன்னுட்டு ஒருத்தன் வெத்தலையைத் துப்பினான். அவன் வீட்டிலே மூணு டி.வி. இருக்கு.

போகட்டும். அந்த நாற்காலியிலே நிலைச்சு உக்காரோணும்னா அப்புச்சி சொல்றதைக் கேட்டுக்க. ரேடியோவோட நான் அறுபது வருசம் குடித்தனம் பண்ணுனவன். உங்கமுச்சியோட அம்பத்தஞ்சுதான்.

முதல்லே ஒண்ணு. எப்பவும் மாவட்டத்தைச் சொல்லு, மறந்தும் ஊரைச் சொல்லிப் போடாதே. செவ்வாக்கிழமை காலையிலே அப்படித்தானே சொன்னே? "பாலக்காடு மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை." என்ன கம்பீரம்! கேட்ட மாத்திரத்திலே உங்கமுச்சி களத்திலே காஞ்சுட்டிருந்த கொப்பரை அத்தனையும் சாக்கிலே அள்ளி உள்ளே போட்டா. எனக்கு இடுப்புப் புடிச்சுக்குச்சு. வானத்தைப் பார்த்தா ஆடிக்காத்து மட்டும் கணவாயிலே ஓடுது, ஒரு தூத்தல் இல்லை. மழை எங்கே பெஞ்சுதுன்னா, நம்ம திண்ணையிலிருந்து பார்த்தாத் தெரியுதே நெல்லியாம்பதி மலை, அங்கே கொட்டோ கொட்டுன்னு கொட்டியிருக்கு. அதுவும் பாலக்காடு மாவட்டம்தான், கருமண் வெடிச்சுக் கெடக்கற எருத்தேம்பதியும் பாலக்காடு மாவட்டம்தான். நீ பொய் சொல்லலை கண்ணு. மாவட்டம் நனைஞ்சுது. நாங்கதான் நனையலை.

இடுக்கியிலே இதைவிட விசேசம். என் தங்கச்சியைக் காந்தளூரிலே குடுத்திருக்குதல்லோ. மூணாறிலே மழை வலுத்து ரோட்டிலே மண்ணு சரியும். அங்கிருந்து நாப்பது கிலோமீட்டர் இறங்கி வந்தா மறையூர். அது மலை மறைவு. கரும்புக்குத் தண்ணி பத்தலைன்னு வாய்க்கால் வரப்பிலே சண்டை நடந்துட்டிருக்கும். ரெண்டுக்கும் ஒரே நாள், ஒரே மாவட்டம், ஒரே கலர். வீட்டிலே இருக்கற பத்துப் பொம்பளைகளுக்கும் ஒரே அளவிலே ரவிக்கை தைக்கற மாதிரி. சிலதுக்கு மூச்சு முட்டும், சிலது தொளதொளன்னு தொங்கும். தையக்காரன் மட்டும் தைரியமா இருப்பான்.

அடுத்தது, மில்லிமீட்டரை விட்டுடாதே. 24 மணி நேரத்திலே 64.5-லிருந்து 115.5 வரைக்கும் பெஞ்சா கன மழை, 115.6-லிருந்து 204.4 வரைக்கும் மிகக் கன மழை, அதுக்கு மேலே அதிகன மழை. வானிலைத் துறைக்காரங்க அப்படித்தான் வகுத்திருக்காங்க. நல்ல வகுப்பு, குத்தமில்லை. அவுங்களுக்கு அது வோணும். ஆனா தோட்டத்திலே நிக்கறவன் காதிலே அந்தப் புள்ளி நாலு விழுந்தா என்ன பண்ணுவான்? 115.5-க்கும் 115.6-க்கும் நடுவிலே ஒரு சொட்டு. அந்தச் சொட்டு எவன் தலையிலே விழுந்துதுன்னு கேப்பான். "பொழுது சாய்ஞ்சப்புறம் ஆத்தைத் தாண்டாதீங்க, மாட்டை மேட்டிலே கட்டுங்க"ன்னு சொல்லிப்போட்டியோ, அப்புறம் உன்னைப் படிச்ச புள்ளைன்னு ஒருத்தனும் மதிக்கமாட்டான்.

மேகவெடிப்புன்னு ஒரு வார்த்தை இருக்குதே, அதையும் கைவசம் வச்சுக்க. ஒரு மணி நேரத்திலே பத்து சென்டிமீட்டருக்கு மேலே கொட்டுனாத்தான் அந்தப் பேராம். இப்ப நம்ம பக்கம் குடத்தைக் கவுத்தாலே மேகவெடிப்புங்கறாங்க. உங்கமுச்சி என்மேலே சொம்பைக் கவுத்தப்ப நானும் அதைத்தான் சொன்னேன்.

அந்தக் காலத்து ரேடியோ இப்படி இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பார்க்கறேன். டில்லியிலிருந்து சரோஜ் நாராயணஸ்வாமி செய்தி வாசிச்சா, காப்பித் தம்ளர் ஆறிப்போறது தெரியாமே உக்காந்திருப்போம். 1960-கள்லே திருச்சி வானொலிக்காரங்க ஆடுதுறை 27 நெல்லைப் பத்தி விடாமே சொல்லிச் சொல்லி, தஞ்சாவூர்ப் பக்கத்துச் சனங்க அதுக்கு ரேடியோ நெல்லுன்னே பேரு வச்சாங்க. எப்ப நாத்து விடறது, எப்ப உரம் போடறதுன்னு சொன்னாங்க, கேட்டவன் போட்டான், விளைஞ்சுது. உன் செய்தியைக் கேட்டு எதுக்காச்சும் பேரு வச்சிருக்காங்களான்னு கேக்காதே. சாக்கிலே கெடந்து பூசணம் புடிச்ச கொப்பரைக்கு உங்கமுச்சி ஒரு பேரு வச்சிருக்கா. ரேடியோவிலே சொல்ற மாதிரி இல்லை.

அணையைப் பத்திப் பேசறப்ப மட்டும் அம்மிணி, எந்த ஊர்க்காரங்க கேக்கறாங்கன்னு பார்த்துக்க. முல்லைப் பெரியாறிலே 142 அடி நின்னா கம்பத்துப் பக்கம் சக்கரைப் பொங்கல், வண்டிப்பெரியாறிலே மூட்டை முடிச்சு. 1895-லே கட்டி முடிச்ச அணை, ஒரே தண்ணி, ரெண்டு செய்தி. இங்கே நம்ம சித்தூருக்கு ஆழியாறிலிருந்து வருசத்துக்கு 7.25 டி.எம்.சி. வரோணும்னு ஒப்பந்தம். எல்லையிலே மணக்கடவுக்கு அந்தாண்ட நிக்கறவன் "விட்டாச்சு"ம்பான், இந்தாண்ட நிக்கறவன் "வரலை"ம்பான். நீ நடுவிலே நின்னு "நீர்மட்டம் சீராக உள்ளது"ன்னு சொல்லிட்டுப் போயிரு. ரெண்டு பக்கமும் உன்னைத் திட்டுனா சரியாச் சொன்னேன்னு அர்த்தம்.

வெயிலைச் செய்தியாக்காதே. அதுக்குச் சத்தம் கிடையாது, ரேடியோவிலே எடுபடாது. 2024 சித்திரையிலே பாலக்காட்டிலே 41 டிகிரியைத் தாண்டிப் போச்சு, அதே கோடையிலே இடுக்கியிலே ஏலச்செடி நின்ன நிலையிலே கருகுச்சு. ஏலம் கருகுனா உடையற சத்தம் கேக்காது பாரு. போடி, கம்பத்திலிருந்து விடிகாலை ஜீப்பேறி மெட்டு தாண்டி வர்ற பொம்பளைகளுக்குக் கூலி நாள் குறையும், அதுக்கும் சத்தம் இல்லை.

சேதி எங்கே கிடைக்கும்னு கேட்டியே? கம்ப்யூட்டரைத் தொறந்து வை, வரும். எதுக்கும் அடுப்பங்கரைப் பக்கம் போயிடாதே. நம்ம பிளாச்சிமடை கதை அப்படித்தான் ஆச்சு. 2000-லே கோலாக் கம்பெனி வந்துச்சு. கொஞ்ச காலத்திலே கெணத்துத் தண்ணி கெட்டு, சோறு சரியா வேகலைன்னு பொம்பளைக பொலம்புனாங்க. எந்த ஆசிரியருக்கும் அது செய்தியாப் படலை. மயிலம்மான்னு ஒரு ஆதிவாசிப் பொம்பளை 2002-லே கம்பெனி வாசல்லே போய் உக்காந்தா. 2004-லே கம்பெனி மூடுச்சு. உலகம் பூராவுமிருந்து ஆளுக வந்து எழுதுனாங்க. சேதி முதமுதல்லே வந்தது சோத்துப் பானையிலிருந்து.

இரு, வெத்தலை தீர்ந்துபோச்சு.

பெட்டிமுடியைச் சொல்லாமே விடமுடியலை. அதிலே கேலி பண்ண எனக்கு வாய் வராது. 2020 ஆகஸ்ட் 6, ராத்திரி. மூணாறுப் பக்கம் ராஜமலைக்கு அந்தாண்ட தேயிலைத் தோட்டத்து லயம். மலை சரிஞ்சு வந்து 70 பேரை மூடுச்சு. அதிலே பலபேரு கயத்தாறுப் பக்கத்திலிருந்து வந்த நம்ம சனங்களோட வாரிசுக. கரண்ட் இல்லை, போன் இல்லை. சேதி வெளியே வர விடிஞ்சுது. மாவட்டத்துக்குக் கலரெல்லாம் சொல்லித்தான் இருந்தாங்க. ஆனா அந்த ராத்திரி அந்த லயத்திலே பேசற பெட்டி ஒண்ணும் இல்லை. எல்லா இடத்திலிருந்தும் போன் வந்து, ஒரு ஊரிலிருந்து மட்டும் வரலைன்னா, அன்னைக்கு அந்த ஊர்ப் பேரைத்தான் நீ முதல்லே வாசிக்கோணும் கண்ணு. இதை நான் நக்கலுக்குச் சொல்லலை.

சரி, ரொம்பப் பேசிட்டேன். இப்ப இன்னைக்கு மத்தியானம் என்ன ஆச்சுன்னு சொல்லிட்டு வச்சுடறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரன் வேலி மேலே எட்டிப் பார்த்து, "உங்க பேத்தி இன்னைக்கு என்னுங்க கலர் சொன்னா?"ன்னான். "பச்சை, ஒண்ணும் பயமில்லை"ன்னேன். "அப்படீங்களா"ன்னு கேட்டவன் நின்னு யோசிக்கக்கூட இல்லை, சாக்கை எடுத்துட்டுக் களத்துக்கு ஓடறான்.

எனக்கு உம்மேலே நம்பிக்கை இருக்கு அம்மிணி. ஆனா உங்கமுச்சி அவனைப் பார்த்துட்டா. இதோ, சாக்கை எடுத்து என் கையிலே குடுக்கறா.