நூறு புள்ளி அஞ்சு

கூடலூரில் பஸ் ஏறி கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று தேனி வரைக்கும் வாருங்கள். ஊருக்கு ஒருத்தராவது தட்டுப்படுவார். வெள்ளைச் சட்டை, பையில் எழுதாத பேனா, தோள் துண்டு. கேட்காமலே பதில் சொல்கிற முகம். எங்கள் ஊரில் அவருக்குப் பெயர் 'நூறு புள்ளி அஞ்சு'. கோடை பண்பலையின் அலைவரிசை அது. ரேசன் கார்டில் இருக்கிற பெயர் ரேசன் கடைக்காரருக்கே மறந்துவிட்டது.

எனக்கு மாமா முறை. அவர் செய்த சாதனை ஒன்றே ஒன்றுதான்: வானொலியில் ஒருமுறை பேட்டி கொடுத்தது. கொடுத்தது ஒருமுறை. அதற்கு முன்னால் இருபது வருசம் அதற்காகப் பேசிப் பழகினார். அதற்குப் பின்னால் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒலிபரப்பானது நாற்பது வினாடி.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பண்பலை என்பது நேர்கோட்டில் போகிற சாதி. மலை மறித்தால் அதோடு சரி. ஆனால் எங்களுக்கு ஒலிபரப்புக் கோபுரமே மலை உச்சியில், கொடைக்கானலில் நிற்கிறது. அதனால் திராட்சைப் பந்தல், தென்னந்தோப்பு, ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப், பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்துப் பலகை என்று எல்லா இடத்திலும் அது பாடிக்கொண்டிருக்கும். மேற்கே மலையோரம் ஒதுங்கினால் தேவிகுளம் நிலையம் குறுக்கே புகுந்து மலையாளம் பேசும். மாமா வீட்டில் மாட்டுக்கொட்டத்தின் வடக்கு மூலையில்தான் கரகரப்பு இல்லாமல் கேட்கும். மாடு இரண்டடி தள்ளிக் கட்டப்பட்டது அந்தக் காரணத்தால்.

இந்த ரேடியோ வியாதி அவருக்குப் பிறவியிலேயே வந்தது. அவருடைய அய்யா காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், தபாலாபீசில் பணம் கட்ட வேண்டும். காசு கட்டிக் கேட்கிற சங்கதி என்பதால் வீட்டில் யாரும் குறுக்கே பேசக்கூடாது. காலையில் டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசிப்பார். பகலில் இலங்கை வானொலி. ராத்திரி சிற்றலையில் லண்டன் தமிழோசை. இந்த மூன்றையும் குடித்து வளர்ந்த பிள்ளைக்குத் தொண்டை வேறு, பேச்சு வேறு என்று ஆகிவிட்டது. 1941இல் தொடங்கிய தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு சிற்றலையை நிறுத்திக்கொண்டது. மறுநாள் ராத்திரியும் மாமா அதே நேரத்துக்கு, அதே முள்ளில் ரேடியோவைத் திருப்பி வைத்து, அரைமணி நேரம் வெறும் இரைச்சலைக் கேட்டார். இரண்டு நாள் சவரம் செய்யவில்லை. யாராவது துக்கம் விசாரிக்க வருவார்கள் என்று எதிர்பார்த்தார் போல.

மாமா மோசமான பேச்சுக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டீக்கடைப் பெஞ்சில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஊர் உலகத்தில் மற்றவர்கள் வருசத்தைச் சொல்லிக் கணக்கு வைப்பார்கள். மாமா கணக்கு வைப்பது முல்லைப் பெரியாறு அணையின் அடிக்கணக்கில். "நான் பொறந்தது 152ல மாப்ள. கல்யாணம் முடிச்சது 136ல. பேரன் பொறந்தது 142ல" என்பார். கேட்கிறவன் தேனிக்காரனாக இருந்தால் உடனே புரிந்துவிடும். 1979இல் அணையைப் பலப்படுத்தணும் என்று நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்கலாம் என்றது. "நடுவுல முப்பத்தஞ்சு வருசம் 136லயே நின்னுச்சு. என் குடும்பமும் அப்பிடித்தான், எனக்கு மேல ஒருத்தரும் ஏறல" என்று ஒரு வாய் டீ குடிப்பார். பெஞ்சே குலுங்கும்.

பொட்டிப்புரம் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, மாவட்டத்தில் கலெக்டரிலிருந்து கறிக்கடைக்காரர் வரை எல்லாரும் இயற்பியல் பேசினார்கள். இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், உள்ளே ஐம்பதாயிரம் டன் இரும்பில் ஒரு கருவி, எதற்கென்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளைப் பிடிக்க. அது என்ன துகள் என்று கடைக்காரர் கேட்டார். மாமா சொன்ன விளக்கத்தைப் பாடப்புத்தகத்தில் போடலாம். "அது எதுலயும் ஒட்டாதுப்பா. மலையாகட்டும், மனுசனாகட்டும், ஊடால பூந்து அங்கிட்டு போயிரும். நம்ம மூத்த மருமகப்பிள்ள தீவாளிக்கு வந்துட்டுப் போறாகள்ல, அதே மாதிரி. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வெஞ்சனம் மட்டும் கொறஞ்சிருக்கும்."

இதே மனுசர் முன்னால் ஒரு மைக்கை நீட்டுங்கள். மைக்கே வேண்டாம், காலி டீ டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தால் போதும். தோள் துண்டு இடுப்புக்கு இறங்கும். தொண்டையை மூன்று தடவை செருமுவார். "நல்லதொரு வினாவை எழுப்பியிருக்கிறீர்கள். மேற்படி ஆய்வகம் குறித்து மக்களிடையே பல்வேறு கருத்துகள் நிலவி வருகின்றன. இத்தருணத்தில் நான் சொல்லிக்கொள்ள விரும்புவது என்னவென்றால்..." அந்த 'என்னவென்றாலுக்கு' அப்புறம் எதுவும் வராது. மருமகப்பிள்ளை எங்கே போனார், வெஞ்சனம் எங்கே போனது, ஒன்றும் தெரியாது. நியூட்ரினோவே தோற்றுப்போகும்.

கலை, பண்பாடு என்று வந்துவிட்டால் இன்னொரு வியாதி. இந்தப் பள்ளத்தாக்கில் எழுபது தாண்டிய எல்லாரும் பண்ணைப்புரத்து இளையராஜாவுக்குப் பக்கத்து வீடு. மாமாவும் விதிவிலக்கில்லை. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்டுகளுக்காகப் பாடின மேடைக்கு முன்னால், முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டதாகச் சொல்வார். அப்போது அவருக்கு வயது மூன்று. "மடியில வச்சிருந்தாகப்பா, மொத வரிசைதான" என்று அதற்கும் பதில் இருக்கிறது. அல்லிநகரத்து பாரதிராஜா 'பதினாறு வயதினிலே'யை எங்கள் வாய்க்கால் கரையில் எடுத்தார் என்று ஒரு தடவை சொல்லிவிட்டார். அந்தப் படம் கொள்ளேகால், மைசூர்ப் பக்கம் எடுத்தது என்று ஒரு காலேஜ் பையன் செல்போனைக் காட்டினான். மாமா அதைத் தூரமாகப் பிடித்துப் படித்துவிட்டு, "வாய்க்கா பாக்க வந்தாக. தண்ணி இல்லைன்னு போய்ட்டாக" என்றார். 142 கேஸ் அந்த இடத்திலும் வந்து நின்றுவிட்டது.

ரேடியோ என்ன பெரிய சாதனம் என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் மட்டும் மாமாவுக்கு உண்மையிலேயே கோபம் வரும். தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 என்கிற நெல்லை அறுபதுகளில் திருச்சி வானொலி எடுத்துச் சொல்லிச் சொல்லி, சனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "டிவி நெல்லுன்னு ஒண்ணு இருக்கா? வாட்சப் நெல்லு இருக்கா?" என்பார். இதற்கு இன்று வரைக்கும் யாரிடமும் பதில் இல்லை.

கடைசியில் ஒருநாள் வானொலிக்காரர்கள் வந்தே விட்டார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருந்த சமயம். பந்தல் விவசாயியின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி நிகழ்ச்சி. மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் பந்தல் உண்டு. தகவல் வந்த அன்றே நன்றி சொல்ல வேண்டியவர்கள் பட்டியல் தயாராகிவிட்டது. உரக்கடை, மருந்துக்கடை, சங்கத் தலைவர், கவுன்சிலர், ஒரு கட்சியின் மாவட்டச் செயலாளர், சண்டை வரக்கூடாது என்பதற்காக எதிர்க்கட்சியின் மாவட்டச் செயலாளர். வந்த பெண் பொறுமையாகப் படித்துப் பார்த்தார். "அய்யா, கடைப் பேர், கம்பெனிப் பேர் சொல்லக்கூடாதுங்க. கட்சிப் பேரும் வேண்டாம்." பட்டியலில் மிஞ்சியது பெரியாறு அணையைக் கட்டின பென்னிகுக் மட்டும்தான்.

"அய்யா, சாதாரணமாப் பேசுங்க. காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செய்வீங்க?"

மாமா செருமினார். ஒன்று, இரண்டு, மூன்று. "மனித வாழ்வில் விடியல் என்பது..."

கவாத்தைப் பற்றிக் கேட்டார்கள். கம்பத்தில் ஆண்டு முழுக்க திராட்சை கிடைப்பது எப்படி என்று கேட்டார்கள். ஒரு பந்தலில் வெட்டு நடக்கும்போது இன்னொரு பந்தலில் கவாத்து நடக்கும் என்று ஒரே வரியில் முடிகிற பதில். மாமா ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பில் ஆரம்பித்து, 14,707 ஏக்கர் இருபோகப் பாசனத்தை ஏக்கர் ஏக்கராகச் சுற்றி வந்தார். கடைசி ஏழு ஏக்கரைக்கூட விடவில்லை. பதினோரு நிமிசம் ஓடியிருந்தது. அந்தப் பெண் ஒரு தடவை வாட்சைப் பார்த்தார், ஒரு தடவை மாட்டைப் பார்த்தார்.

அப்போது அடுப்படியிலிருந்து அத்தை குரல் வந்தது. யாரிடமும் இல்லை, பொதுவாக.

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம ஊர் சுத்துறாக பாரு. ஏம்மா, இது பச்சப்பிள்ள வளக்குற மாதிரி. கவாத்து வெட்டுனா எந்தக் கண்ணுல பூ வரும்னு பாத்து வெட்டணும். பழுக்குற நேரத்துல ஒரு மழ பேஞ்சாப் போதும், பழம் வெடிச்சுப்போகும். வெடிச்சா ஈ மொய்க்கும். அன்னைக்குன்னு பாத்து யாவாரி வருவான். பந்தலுக்கு அடியில நின்னுக்கிட்டு மேல பாக்க மாட்டான், செல்லைத்தான் பாப்பான். அப்பவே தெரிஞ்சுக்கிறலாம், வெலயக் கொறைக்கப் போறான்னு. நானும் அவன் மொகத்தப் பாக்க மாட்டேன், மாட்டைப் பாப்பேன். யாரு மொதல்ல பேசுறாகளோ அவுகளுக்கு கிலோவுக்கு ரெண்டு ரூவா நட்டம்."

ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டேதான் இருந்தது. அந்தப் பெண் மெதுவாக மைக்கோடு எழுந்து அடுப்படிப் பக்கம் போனதை மாமா கவனிக்கவில்லை. அவர் பென்னிகுக்கிற்கு வந்திருந்தார்.

ஒலிபரப்பான அன்று டீக்கடையில் நாற்பது பேர். மாமா நாற்பது வினாடி. தலைக்கு ஒரு வினாடி. அத்தை மூன்று நிமிசம். மாமா முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. "நம்ம வீட்டுப் பேட்டி எப்பிடி?" என்று எல்லாரிடமும் கேட்டார். சன்மானச் செக் மட்டும் அவர் பெயருக்கு வந்தது. அதைக் கொண்டுபோய் லேமினேட் செய்துகொண்டு வந்துவிட்டார். பேங்கில் அதற்கப்புறம் வாங்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னபோது, "மாத்துறதுக்கா குடுத்தாக?" என்றார்.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது அவர் செல் அடித்தது. எடுத்துக் கேட்டார். துண்டு இடுப்புக்கு இறங்கியது. "வணக்கம். ஆமாங்க. ஆமாங்க. அவுகதான் வேணுமா?" ஒரு நிமிசம் கொல்லைப் பக்கம் பார்த்தார். "தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருக்காங்க, கூப்பிடுறேன். வர்றதுக்குக் கொஞ்ச நேரமாகும்."

மூன்று தடவை செருமினார்.

"அதுக்குள்ள நீர்மட்டம் பத்தி நான் ரெண்டு வார்த்தை சொல்லிறவா?"