வேப்பமரத்தடி நிர்வாகம்

தனியார் பள்ளிக்கு இரண்டு நிர்வாகங்கள் உண்டு. ஒன்று உள்ளே, ஏசி அறையில் இருக்கும். கட்டணம் வாங்கும், டைரி கொடுக்கும், மழைக்காலத்தில் லீவு விடலாமா என்று கலெக்டரின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொன்று கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில், ஸ்டாண்டு போட்ட ஸ்கூட்டர்கள் மேல் உட்கார்ந்திருக்கும். உள் நிர்வாகம் ஒரு முடிவை யோசிக்கத் தொடங்குமுன்பே வெளி நிர்வாகம் அந்த முடிவை எடுத்து, எதிர்த்து, கடைசியில் வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்டும் இருக்கும். பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வரும்போது அங்கே யாரும் அதைப் படிப்பதில்லை. “இது பழைய கதை” என்று மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள்.

இந்த வெளி நிர்வாகத்தின் நிரந்தரத் தலைவர் ஒருவர் இருக்கிறார். தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் பள்ளிக்கு ஒருவர் தேறுவார். அவருக்குச் சொந்தப் பெயர் உண்டு. ஆனால் அது ஆதார் அட்டையோடு சரி. பிள்ளையை எல்கேஜியில் சேர்த்த அன்றே பெற்றவர்களின் பெயர் பறிபோய்விடுகிறது. தர்ஷினி அம்மா, அஸ்வின் தாத்தா, யூகேஜி பி செக்‌ஷன் ட்வின்ஸ் அப்பா என்றுதான் ஒருவரை ஒருவர் செல்பேசியில் பதிந்து வைத்திருக்கிறார்கள். நம் தலைவர் ‘கவின் அப்பா’. பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் கேட்டில் வந்து நிற்க அனுமதிக்கிற உத்தியோகம் எது என்பது யாருக்கும் தெரியாது. வீட்டிலிருந்தபடி வேலை என்கிறார்கள். வீட்டிலிருப்பவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை.

கவின் இப்போது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் கவின் அப்பா மனதளவில் இன்னும் எல்கேஜி சேர்க்கையில்தான் இருக்கிறார். அந்த ஒரு சீட்டு வாங்கியதுதான் அவர் வாழ்க்கையில் தொட்ட சிகரம். அதன்பின் வந்தவை எல்லாம் இறக்கம்.

எதையும் ஆதாரம் இல்லாமல் பேசமாட்டார் என்பது அவரது பெருமை.

“கவனிச்சீங்களா, ரிசப்ஷன்ல சோபா மாத்திட்டாங்க.”

“பழசு கிழிஞ்சு தொங்கிட்டிருந்துச்சு சார்.”

“கிழிஞ்சதுக்கெல்லாம் மாத்துவாங்களா மேடம்? பழைய ஆளா இருந்தா ரெக்சினை வச்சுத் தைச்சிருப்பாரு. இது புதுப் பணம். மேனேஜ்மென்ட் கை மாறுது, எழுதி வச்சுக்கோங்க.”

கரஸ்பாண்டன்ட்டின் கார் வழக்கமான மரத்தடியை விட்டு வெயிலில் நின்றால், குடும்பத்தில் பாகப் பிரிவினை. அவரது மருமகள் ஆண்டு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்தால், அடுத்த ஆண்டு டைரக்டர். பிரின்சிபால் இரண்டு நாள் வராவிட்டால், வேறு பள்ளியில் பேரம் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் அந்த அம்மாள் வைரல் காய்ச்சல் தெளிந்து, தொண்டை கட்டிய குரலில் பிரேயரில் பேசினால், “பேரம் படியல போல” என்பார். தான் சொன்னது பொய்த்ததாக அவர் வரலாற்றில் பதிவே கிடையாது.

ஆண்டுதோறும் ஆடி மாதக் காற்றோடு ஒரு சேதி வரும்: பள்ளி சிபிஎஸ்இ ஆகப் போகிறது. இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. சமச்சீர் கல்விச் சட்டம் 2010-இல் வந்தது. ஆட்சி மாறியதும் நிறுத்தி வைக்கப்பட்டது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ‘நடைமுறைப்படுத்து’ என்றது. மெட்ரிக்குலேஷன் பிள்ளையும் கார்ப்பரேஷன் பள்ளிப் பிள்ளையும் ஒரே புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்றானதும், ‘அப்புறம் நான் எதற்காகப் பணம் கட்டுகிறேன்?’ என்ற தத்துவக் கேள்வி பல வீடுகளில் எழுந்தது. விடையாகப் பல மெட்ரிக் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறின. பெயர்ப்பலகையில் வித்யாலயா, வித்யாமந்திர் என்பவை ஏறின. துணிந்தவர்கள் ‘இன்டர்நேஷனல்’ என்றே போட்டுக்கொண்டார்கள். அப்படிப்பட்ட பள்ளிக்கு மிகத் தொலைவிலிருந்து வருவது, தாம்பரத்தை அடுத்த முடிச்சூரின் வேன்.

கவின் அப்பா இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் பேசுவார். மாறினால், “இத்தனை வருஷம் ஸ்டேட் போர்டு படிச்ச பிள்ளைங்க இந்தியைப் பார்த்து மிரளுமே, யோசிச்சாங்களா?” மாறாவிட்டால், “ஊரே மாறிடுச்சு, இவங்களுக்கு விஷன் இல்லை சார்.” டையின் கலரை மாற்றினாலோ கட்சியே இல்லை. எல்லாரும் சேர்ந்து எதிர்ப்பார்கள். எல்லாரும் சேர்ந்து புது டை வாங்குவார்கள்.

ஆனாலும் தலைவரின் முழு மேதைமையைக் காண வேண்டுமானால் சேர்க்கைக் காலத்தில் வர வேண்டும். ஊருக்குப் புதிதாக வந்த இளம் தம்பதி, மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கேட்டையும் கைப்பேசி வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி வருவார்கள். அவர் ஸ்கூட்டரை விட்டு இறங்கி நிற்பார். மற்ற நாட்களில் அவர் இறங்குவது கிடையாது.

“எல்கேஜியா? வீடு எங்கே?”

இது நலம் விசாரிப்பு என்று நினைக்க வேண்டாம். சட்டம். 2009-இன் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றித் தர வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் எல்லை. நலிந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இந்த ஒரு கிலோமீட்டரை கவின் அப்பா அளவுக்கு ஆராய்ந்தவர் சர்வே இலாகாவில்கூட இருக்க முடியாது. மெயின் ரோடு வழியாக வந்தால் 1,150 மீட்டர் வரும் வீடு, கோயில் குளத்தை ஒட்டிய சந்து வழியாக வந்தால் 980 என்பார். “சந்துல ராத்திரி நாய் இருக்கும். ஆனா சட்டத்துல நாயைப் பத்தி ஒண்ணும் இல்ல.”

விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமானால் குலுக்கல். பெற்றோர்கள் முன்னிலையில் சீட்டு எடுப்பார்கள். ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு வந்த கவின் அப்பாவிடம், “நேர்மையா நடந்துச்சா சார்?” என்று கேட்டார்கள்.

“என் கண்ணு முன்னாடிதான் எடுத்தாங்க. அதனாலதான் எனக்குச் சந்தேகமா இருக்கு.”

சட்டத்தின் 13-ஆம் பிரிவும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வுக்கு உட்படுத்தக் கூடாது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த ஒவ்வொரு தடவையும் 50,000 வரை அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கியதைப்போலப் பத்து மடங்கு வரை. இவற்றையெல்லாம் ஒரு வழக்கறிஞரின் நிதானத்தோடு எடுத்துச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்துவார்.

“இன்டர்வியூன்னு சொல்ல மாட்டாங்க. ‘இன்டராக்‌ஷன்’னு சொல்லுவாங்க. பாப்பா கலர் எல்லாம் சொல்லுதா? அம்மா என்ன படிச்சிருக்காங்க? அப்பா டை கட்டிட்டு வரணும்னு கட்டாயம் இல்ல, ஆனா கட்டினா நல்லது.”

“டொனேஷன் சார்?”

“சட்டப்படி அஞ்சு பைசா வாங்கக் கூடாது. நான் கேஷா குடுத்துட்டேன்.”

கட்டண விஷயத்திலும் இதே கதிதான். 2009-இல் தமிழ்நாடு அரசு கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்தது. முதலில் நீதிபதி கோவிந்தராஜன், பிறகு ரவிராஜ பாண்டியன், சிங்காரவேலு என்று தலைவர்கள் வந்தார்கள். பள்ளி எவ்வளவு வாங்கலாம் என்று அந்தக் குழு நிர்ணயிக்கும். அந்தத் தொகை கவின் அப்பாவுக்கு வகுப்பு வாரியாக மனப்பாடம். தான் கட்டும் தொகையும் மனப்பாடம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மரத்தடியில் தினமும் கணக்குப் போட்டுக் கொதிப்பார். கவுன்ட்டரில் மட்டும், “ஜிபே பண்ணலாமா மேடம்?” என்பார்.

வருஷத்துக்கு ஒருநாள் உள் நிர்வாகம் வெளி நிர்வாகத்தைக் கூப்பிடும். பெற்றோர் கூட்டம். அன்று மரத்தடியில் போர்க்கால ஏற்பாடு. கட்டணத்தை தர்ஷினி அம்மா எழுப்புவது, வேனில் ஆள் திணிப்பதை அஸ்வின் தாத்தா எழுப்புவது, போர்டு மாற்றத்தைத் தலைவரே கையில் எடுப்பது என்று பொறுப்புகள் பிரிக்கப்படும். உள்ளே போனதும் பிளாஸ்டிக் கப்பில் காபியும் ஒரு சமோசாவும் வரும். பிரின்சிபால் புன்னகையோடு, “எனி சஜஷன்ஸ்?” என்பார். அறையில் மின்விசிறி மட்டும் பேசும். கடைசியில் எல்லாருடைய கண்களும் தள்ளிவிட, கவின் அப்பா எழுந்து நிற்பார்.

“ஸ்கூல் ரொம்ப நல்லாப் போகுது மேம். டைரி அட்டை மட்டும் கொஞ்சம் தடிமனா இருந்தா நல்லாருக்கும்.”

வெளியே வந்ததும், “ஜாடையா சொல்லிட்டேன். புரியறவங்களுக்குப் புரியும்” என்பார்.

இதில் அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பேசினால் பிள்ளையின் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்கள் என்ற பயம் ஒருபுறம். உட்கார்ந்து பேச இடமில்லை என்பது மறுபுறம். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது: உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஆனால் அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. பணம் கட்டுகிறவருக்கு நாற்காலி இல்லை, கட்டாதவருக்கு உண்டு. நாற்காலி இல்லாதவர் ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்து வதந்தி பேசத்தான் செய்வார்.

நாற்காலி உள்ளவர் ஒருவர் அதே மரத்தடியில் இருந்தார் என்பது வெகுநாள் யாருக்கும் தெரியாது. கூடையில் சுண்டலும் மாங்காய்க் கீற்றும் விற்கிற பெண்மணி. வெளி நிர்வாகத்தின் நடவடிக்கைகள் முழுவதையும் கேட்டவர். ஒரு வார்த்தை பேசாதவர். அவருடைய மகள் இரண்டு தெரு தள்ளி அரசுப் பள்ளியில் படிக்கிறாள். 2022-இல் தமிழ்நாடெங்கும் அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழுக்களை இருபது இருபது பேரோடு புதிதாக அமைத்தார்கள் அல்லவா? அங்கே அவர்தான் தலைவி.

இது வெளியே வந்தது 7.5 சதவீதத்தால். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு என்று 2020-இல் சட்டம் வந்தது. கவின் ஐந்தாவதை முடிக்கப் போகிறான் என்பதும், அடுத்தது ஆறு என்பதும் திடீரென்று ஒருநாள் அவன் அப்பாவுக்கு உறைத்தது. கணக்குப் போட்டார். ஏழு ஆண்டுக் கட்டணம் மிச்சம். கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் அரசே தரும். டாக்டர் வேறு. கேட்கக் கூச்சமாக இருந்தது. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. சுண்டல் வாங்கும் சாக்கில் நெருங்கினார். அதுவரை “ஏம்மா” என்று கூப்பிட்டவர், அன்று “அக்கா” என்றார்.

“அக்கா, உங்க ஸ்கூல்ல ஆறாங்கிளாஸ் சீட்டு கிடைக்குமா?”

“கிடைக்கும் சார்.”

“இல்ல, கஷ்டம்னா சொல்லுங்க. உள்ள யாரையாவது பிடிக்கணுமா?”

“யாரையும் பிடிக்க வேணாம் சார். ஆதாரும் டிசியும் எடுத்துட்டு வாங்க. டிசி லேட்டானாலும் பரவால்ல, மொதல்ல தம்பியைச் சேர்த்துக்குவாங்க.”

“டெஸ்ட்டு, இன்டராக்‌ஷன்…”

“அதெல்லாம் எதுக்கு சார்? படிக்கத்தானே வருது?”

“ஃபீஸ் எவ்வளவு வரும்?”

அந்தப் பெண்மணி பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டு அவரை ஒருமுறை பார்த்தார்.

“ஆனா ஒண்ணு சார். மாசம் ஒரு வெள்ளிக்கிழமை கமிட்டி கூட்டம் இருக்கும். நீங்கதான் நல்லா பேசறீங்களே, வரணும். பொம்பளப் புள்ளைங்க பாத்ரூமுக்குத் தாப்பா இல்லாம இருந்துச்சு. மூணு கூட்டத்துல தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம், நாலாவது கூட்டத்துக்குள்ள வந்துடுச்சு. இப்ப ஸ்கூல் வாசல்ல வேகத்தடை கேட்டு எழுதியிருக்கோம். நீங்களும் வந்து உட்கார்ந்து பேசினீங்கன்னா எழுதிக்குவாங்க.”

கவின் அப்பாவின் முகம் மாறியது. வெள்ளிக்கிழமை எப்போதும் ஒரு மீட்டிங் இருக்கும் என்று முணுமுணுத்தார். பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு, சுண்டலை வாங்க மறந்து, மரத்தடிக்குத் திரும்பினார். வெளி நிர்வாகம் அவரைச் சூழ்ந்துகொண்டது.

“என்ன சார் விசாரிச்சீங்க?”

“சிபாரிசு வேணாமாம். டொனேஷன் கிடையாதாம். நம்ம பேசறதை நம்ம கண்ணு முன்னாடியே எழுதி வச்சுக்கிறாங்களாம்.” ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து, கேட்டின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எங்கேயோ இடிக்குது மேடம்.”