தாஹோவுக்குப் போகுமா?

2009 வாக்கில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ பக்கம் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் டெஸ்லாவின் மின்சார ஸ்போர்ட்ஸ் காரான ரோட்ஸ்டர் வந்து நின்றால் போதும், அக்கம்பக்கம் கூடிவிடும். சிலர் படம் எடுப்பார்கள், சிலர் விலை கேட்பார்கள். கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் அவர் வருவார். படம் எடுக்கமாட்டார். விலை 1,09,000 டாலர் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளையின் மாமா பார்க்கிற பார்வையோடு வண்டியை ஒரு சுற்று சுற்றுவார். ஷூ நுனியால் டயரில் லேசாக ஒரு தட்டு. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பார்:

"எல்லாம் சரி. தாஹோவுக்குப் போகுமா?"

தாஹோ என்பது கலிஃபோர்னியாவும் நெவாடாவும் பங்கு போட்டுக்கொள்கிற ஒரு மலை ஏரி. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, கோடையில் படகு. பாலோ ஆல்டோவிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் போனால் சியெரா நெவாடா மலையில் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரம் ஏறி இறங்க வேண்டும். நம்மவர் அங்கே எத்தனை முறை போகிறார் என்று விசாரித்தால் பதில் கொஞ்சம் வழுக்கும். போன வருடம் முதுகுவலி. அதற்கு முந்தின வருடம் மச்சினி கல்யாணம். தினசரி அவர் போய்வருவது அலுவலகத்துக்கு. போக இருபது, வர இருபது, ஆக நாற்பது கிலோமீட்டர். அதற்கு அவர் வைத்திருப்பது ஏழு பேர் உட்காரும் வண்டி. கடைசி வரிசை இருக்கையின் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிக்கப்படவில்லை. பின்னால் படகை இழுத்துப் போக ஒரு கொக்கி உண்டு. படகு கிடையாது.

அதற்காக அவரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் நன்றாகப் படித்தவர், கணக்குப் புலி. அவரிடம் "ஒரு சார்ஜுக்கு 393 கிலோமீட்டர், அரசாங்கமே சோதித்துச் சொன்ன கணக்கு" என்று சொல்லிப் பாருங்கள். காகித நாப்கினை எடுப்பார், பேனாவைத் திறப்பார். ரோட்ஸ்டரின் பேட்டரியில் இருப்பவை 6,831 சிறு செல்கள், எல்லாம் அன்றைய மடிக்கணினிகளுக்குள் இருந்த அதே ரகம். மொத்த எடை 450 கிலோ. அத்தனையும் சேர்ந்து தேக்கிவைப்பது 53 கிலோவாட் மணி மின்சாரம். "இதைப் பெட்ரோலாக மாற்றினால் எவ்வளவு தெரியுமா? ஆறு லிட்டர்! ஆறு லிட்டரை நம்பி என்னை மலை ஏறச் சொல்கிறீர்கள்" என்பார்.

கணக்கு சரிதான், அதுதான் எரிச்சல். ஆறு லிட்டரில் 393 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி லிட்டருக்கு அறுபத்தைந்து கொடுக்கிறது, அவருடைய ஏழு இருக்கை வாகனம் அந்த ஆறு லிட்டரில் அடுத்த மாவட்டத்தைத் தாண்டாது என்பதை மட்டும் நாப்கினில் எழுதமாட்டார். அவர் பேனா கழித்தல் குறியை மட்டுமே போடப் பழகியது. வண்டியையும் இரண்டு பேரையும் 2,200 மீட்டர் தூக்குவதற்கே எட்டு கிலோவாட் மணிக்கு மேல் வேண்டும். ஆக பேட்டரியில் ஆறில் ஒரு பங்கு மலைக்கே தட்சணை. நெடுஞ்சாலையில் வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும்; அதற்கு ஒரு கழிவு. குளிருக்கு ஒரு கழிவு. ஹீட்டருக்கு ஒன்று. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பித் தருமே என்று யாராவது நினைவூட்டினால், "அது ஏறின பிறகு வருகிற வருமானம்" என்று மடக்குவார். கடைசியில் நாப்கினில் வண்டி எங்கே நிற்கும்? தாஹோவுக்குப் பத்து கிலோமீட்டர் முன்னால், பனிக்குள். எந்த வண்டியை, எந்த எண்ணிக்கையில் கொடுத்தாலும் அந்தப் பத்து கிலோமீட்டர் குறையும். அது அவருடைய கைராசி.

இவருடைய வம்சம் மிகப் பழையது. 1899-இல் பாரிஸுக்கு அருகே அஷேரில், காமில் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் டார்பிடோ வடிவத்தில் ஒரு மின்சார வண்டியைச் செய்து மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். சாலையில் ஓடும் வாகனம் ஒன்று நூறைத் தாண்டியது அதுவே முதல் முறை. பெட்ரோல் வண்டிகள் அன்று அதைப் பின்னாலிருந்துதான் பார்த்தன. அந்தக் கூட்டத்திலும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு "வேகம் சரி, எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்ட ஒரு கனவான் இருந்தே இருப்பார் என்று இந்தக் கட்டுரை சத்தியம் செய்யத் தயார்.

பிறகு வெகுகாலம் வம்சத்துக்கு வேலையில்லை. 1996-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இவி1 என்ற இரண்டு இருக்கை மின்சார வண்டியைக் குத்தகைக்கு மட்டும் விட்டபோது மறுபடி களை கட்டியது. ஈய அமில பேட்டரி. நல்ல மனநிலையில் இருந்தால் நூறு மைலுக்குள் ஏதோ ஓடும். அடுத்த வருடமே சான் டியேகோவின் வணிக இதழ் ஒன்றில், இவி1 ஓட்டுகிறவர்களைப் பற்றி எழுதும்போது 'ரேஞ்ச் ஆங்ஸைட்டி' (வழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற பதற்றம்) என்ற தொடர் அச்சேறியது. நோய்க்குப் பெயர் கிடைத்தாயிற்று. அந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றைத் திரும்ப வாங்கி நசுக்கிப் போட்ட அதே ஜெனரல் மோட்டார்ஸ், 2010-இல் அந்தத் தொடரைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய விண்ணப்பம் போட்டது. கூடவே பெட்ரோல் எஞ்சினும் இருக்கிற வோல்ட் காரை விற்க அந்தப் பயம் தேவைப்பட்டது. நம்மவருடைய கவலைக்கு ஒரு கம்பெனி உரிமை கொண்டாடிய காலம் அது. அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

இவரை ஒருமுறையாவது திருப்திப்படுத்திவிட வேண்டும் என்று உண்மையிலேயே மெனக்கெட்டவர் அலன் கொக்கோனி. இவி1-க்கு முன்னோடியான மாதிரி வண்டியின் மின்னணுப் பகுதியில் வேலை செய்தவர். பிறகு ஏசி ப்ரொபல்ஷன் என்ற சிறிய நிறுவனத்தை ஆரம்பித்து, டிஜீரோ என்ற மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டினார். அது பந்தயத் தடத்தில் ஃபெராரிகளின் மானத்தை வாங்கியது. 2003-இல் ஈய பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆயிரக்கணக்கான லித்தியம் செல்களை மாட்டியதும் வண்டியின் எடை நூற்றுக்கணக்கான கிலோ குறைந்தது, தூரம் பல மடங்கு கூடியது. டெஸ்லாவுக்குப் பொறி தட்டியதே அதிலிருந்துதான். ஆனால் நம் கதைக்கு வேண்டியது அவர் செய்த இன்னொரு பொருள்: மோட்டார்சைக்கிள் எஞ்சினோடு ஒரு ஜெனரேட்டரைப் பூட்டிய சிறு இழுவை வண்டி. மின்சாரக் காருக்குப் பின்னால் அதைக் கொளுவிக்கொண்டு, பெட்ரோல் ஊற்றி, நாடு முழுக்கச் சுற்றலாம். சுற்றியும் காட்டினார்கள். நம்மவர் அதையும் பார்த்தார். "இதை இழுத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுக்க முடியுமா?" என்றார்.

2008 டிசம்பரில் அவருக்குத் தெய்வமே நேரில் வந்து சாட்சி சொன்னது. பிபிசியின் 'டாப் கியர்' நிகழ்ச்சியில் ஜெரமி கிளார்க்சன் ரோட்ஸ்டரை விரட்டு விரட்டென்று விரட்டி, அதன் பாய்ச்சலை வாயாரப் புகழ்ந்துவிட்டு, தங்கள் பந்தயத் தடத்தில் இது 55 மைலில் படுத்துவிடும் என்றார். வண்டியை ஆட்கள் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போகிற காட்சியும் வந்தது. அன்று ஓட்டிய எந்த வண்டியிலும் சார்ஜ் இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை என்றது டெஸ்லா. 2011-இல் லண்டனில் அவதூறு வழக்கும் போட்டது. தோற்றது, மேல்முறையீடு செய்தது, 2013-இல் அங்கும் தோற்றது. பந்தயத் தடத்தில் ஓட்டுகிற கணக்கையும் சாலையில் ஓட்டுகிற கணக்கையும் அறிவுள்ள எந்தப் பார்வையாளரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளமாட்டார் என்பது நீதிபதி சொன்ன காரணங்களில் ஒன்று. நீதிபதிக்குப் பாலோ ஆல்டோவில் பழக்கம் போதாது. நம்மவர் அன்றிரவு சோபாவில் உட்கார்ந்தபடியே குழப்பிக்கொண்டுவிட்டார். அதிலிருந்து 393-ஐ யார் சொன்னாலும் விரலை உயர்த்தி, "ஐம்பத்தைந்து மைல். டிவியில் காட்டினார்கள்" என்பார்.

வண்டிக்காரர்கள் பொதுவாக ஒரே ஆயுதத்தைத்தான் எடுப்பார்கள்: "ஏறி உட்காருங்கள், ஒரு ரவுண்டு போய் வரலாம்."

ஏறுவதே ஒரு சர்க்கஸ். லோட்டஸ் எலீஸின் உடல்வாகில் செய்த வண்டி. கதவுக்குக் கீழே தடித்த விளிம்பு, கூரை இடுப்பளவு உயரத்தில். ஐம்பதைத் தாண்டிய மனிதர் முதலில் பின்புறத்தை உள்ளே அனுப்பி, அப்புறம் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைக்க வேண்டும். உள்ளே போனதும் தாஹோ என்று ஆரம்பிப்பார். வாக்கியம் முடிவதற்குள் பெடல் அமுங்கும். நின்ற இடத்திலிருந்து 97 கிலோமீட்டர் வேகத்தைத் தொட நாலு விநாடிகூட ஆகாது. எஞ்சின் உறுமாது, கியர் விழாது. ஒரு விசில் சத்தம், தலை இருக்கையில் ஒட்டிக்கொள்ளும், கண்ணாடி நெற்றிக்கு ஏறும். திரும்பி வந்து இறங்கும்போது (அது இன்னும் பெரிய சர்க்கஸ்) முழங்காலைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நிற்பார். முகத்தில் பதினாறு வயது வந்து போகும். வண்டிக்காரர் ஜெயித்துவிட்டதாக நினைத்துப் புன்னகைப்பார். மூச்சு சீரானதும் அவர் கேட்பார்: "இப்படி ஓட்டினால் எத்தனை மைல் குறையும்?"

இந்த இடத்தில் வண்டிக்காரரின் முகத்தைக் கவனிக்க வேண்டும். புன்னகை அப்படியே இருக்கும். கண் மட்டும் ஒரு கணம் திரைப் பக்கம் போய்வரும்.

ரோட்ஸ்டரின் அந்தச் சின்னத் திரையில் மிச்சமுள்ள தூரம் இரண்டு விதமாகக் காட்டப்படும். ஒன்று, உத்தமமாக ஓட்டினால் எவ்வளவு. இன்னொன்று, நீங்கள் இப்போது ஓட்டுகிற லட்சணத்துக்கு எவ்வளவு. லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய மனிதர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குடித்தனம் நடத்தினார். விருந்தில் "எனக்கு அந்தப் பயமே இல்லை" என்று ஒயின் கோப்பையை உயர்த்துகிறவர், ஜனவரி மாத நெடுஞ்சாலையில் ஹீட்டரை அணைத்துவிட்டு, இருக்கைச் சூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, கையுறையோடு ஓட்டிக்கொண்டிருப்பார். வேகம் 55 மைல். சாலையில் உள்ள லாரிகளெல்லாம் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போகும். சாதாரண அமெரிக்க வீட்டுச் சாக்கெட்டில் செருகினால் முழுதாக நிரம்ப ஒன்றரை நாள். அதனால் வெளியூரில் அவர் தேடிப் போனது மோட்டார் வீடுகள் நிற்கிற முகாம்களை. அங்கே 50 ஆம்பியர் சாக்கெட் உண்டு. அரைக்கால் சட்டையோடு கோழி வாட்டுகிற ஓய்வூதியக் குடும்பங்களுக்கு நடுவே, பேருந்து அளவு வண்டிகளின் இடுக்கில், ரோட்ஸ்டர் ஐந்தாறு மணி நேரம் மின்சாரம் குடிக்கும். முதலாளி பக்கத்து மேஜையில் பழைய பத்திரிகையை இரண்டாம் முறை படிப்பார். கோழி வாட்டுகிறவர் ஒருவர் கண்டிப்பாக வந்து கேட்பார். என்ன கேட்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

101-ஆம் எண் நெடுஞ்சாலையில் சலினாஸ், அட்டாஸ்கடெரோ, சாண்டா மரியா ஆகிய ஊர்களில் ராபோபேங்க் வங்கிக் கிளைகளின் வாசலில் 2009-இல் சார்ஜர்கள் வந்தன. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு, வழியில் வங்கிக்கு வங்கி இறங்கி, ஒருவழியாகப் போய்ச் சேரலாம் என்ற நிலை. அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் சைமன் ஹாக்கெட் என்ற தொழிலதிபர், காய்ந்த நடுநாட்டுச் சாலையில் பொறுமையாக ஓட்டி, ஒரே சார்ஜில் 501 கிலோமீட்டர் போய்க் காட்டினார். பாலோ ஆல்டோ வண்டிக்காரர் இந்தச் செய்தியை அச்செடுத்து மடித்து, நம்மவரிடம் நீட்டினார். நம்மவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"அங்கே மலை இல்லையே" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஏறத்தாழ 2,450 வண்டிகளோடு ரோட்ஸ்டரின் கதை முடிந்தது. 2012-இல் மாடல் எஸ் வந்தது. பெரிய பேட்டரி போட்டதற்கு அரசாங்கக் கணக்கு 426 கிலோமீட்டர். செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் ஆறு இடங்களில் அதிவேக சார்ஜர்களைத் திறந்தார்கள். அதில் ஒன்று ஃபோல்சம், மலை ஏறுவதற்குச் சற்று முன்னால், தாஹோ சாலையிலேயே. நம்மவரை மனத்தில் வைத்தே இடம் பார்த்தார்களோ என்று சந்தேகம் வரும்.

அந்த வாரக் கடைசியில் வண்டிக்காரர் செய்தியோடு ஓடினார். நம்மவர் வாசலில் புல்வெட்டிக்கொண்டிருந்தார், பெட்ரோல் எஞ்சின்தான். இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "உங்கள் வண்டிக்கு அது பொருந்துமா?" என்றார். பொருந்தாது. ரோட்ஸ்டரின் செருகு வாய் வேறு, அந்த வேகத்தில் வாங்கிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. பழைய முகாம்தான், பழைய கோழிதான். வண்டிக்காரர் சமாளித்துக்கொண்டு, புதிதாக வாங்குகிறவர்களுக்குப் பொருந்தும், தாஹோ கேள்வி இன்றோடு தீர்ந்தது, அதை ஒப்புக்கொள்ளுங்கள் என்றார்.

"தாஹோ சரி" என்று நம்மவர் பெருந்தன்மையோடு தலையசைத்தார். புல்வெட்டியின் கயிற்றைப் பிடித்து இழுக்கக் குனிந்தவர், பாதியில் நிமிர்ந்தார். "ஆனால் தாஹோ வரை போகிறவன் அப்படியே அதைத் தாண்டி ரீனோவுக்கும் ஒரு எட்டு போய் வருவானே?"